பிடித்த மீனை விட்டால் பிழைக்குமா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

தூண்டில் போடுகிறவர்கள் மீனைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு, "விட்டுவிட்டேன்" என்று பெருமையாக எழுதுகிறார்கள். வாயில் தூண்டில் முள் ஏறிய மீன் இரண்டு நாளில் செத்து மிதக்கும் என்பதுதான் என் எண்ணம். அதைக் குழம்பு வைத்தாலாவது ஒரு வீடு சாப்பிடும். பொழுதுபோக்குக்காக ஓர் உயிரை வதைத்துவிட்டு அதற்கு அருள் பாலித்ததுபோல் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

2 மார்ச், இரவு

பாதிதான் மறுக்க முடியும். விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. ஆனால் "எப்படியும் சாகும்" என்பது சரியில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2005-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் 274 மதிப்பீடுகள் இருந்தன. சராசரியாக 100-க்கு 18 மீன்கள் இறந்தன, மற்றவை பிழைத்தன. முள் எங்கே குத்தியது, எவ்வளவு ஆழத்திலிருந்து மீன் வந்தது, நீர் எவ்வளவு சூடு என்பவற்றைப் பொறுத்து இந்த எண் ஏறும், இறங்கும். சில மீன்களில் சாவே இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. சிலவற்றில் பெரும்பாதி போய்விடுகிறது.

ஒரே ஏரி, ஒரே மீன். ஒருவர் விட்டவை பிழைக்கின்றன, பக்கத்தில் நிற்பவர் விட்டவை சாகின்றன. இதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

3 மார்ச், காலை

எது கொல்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உதட்டில் ஏறிய முள் அநேகமாகக் கொல்வதில்லை. கொல்பவை வேறு.

முதலாவது, காற்று. மீனின் செவுளைத் திறந்து பார்த்தால் சிவந்த இழைகள் வரிசையாகத் தெரியும். அந்த இழைகளின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மடிப்புகள் உண்டு. நீரில் இருக்கும்வரை அவை விரிந்து நிற்கின்றன. வெளியே தூக்கியதும், நனைந்த புத்தகத்தின் தாள்களைப்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு மீன் வாயைத் திறந்து திறந்து மூடினாலும் மூச்சு இல்லை. அதுவும் எப்போது? உயிரைக் கொடுத்துப் போராடி, உடம்பில் ஆக்சிஜன் பெருமளவு தீர்ந்திருக்கும் வேளையில்.

1992-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது. வானவில் டிரவுட் மீன்களை ஓடவைத்துக் களைக்கச் செய்தார்கள். களைக்க மட்டும் செய்தவற்றில் 12 மணி நேரம் கழித்து 88 விழுக்காடு உயிரோடு இருந்தன. களைத்தபின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62 விழுக்காடு. 60 விநாடி வைத்தவற்றில் 28 விழுக்காடுதான். ஒரு நிமிடம் என்பது நாம் ஒரு படம் எடுத்து, "சரியாக வரவில்லை, இன்னொன்று எடு" என்று சொல்லும் நேரம்.

அந்த எண்களை அப்படியே நம் ஏரிக்குக் கொண்டுவரக் கூடாது. அவை இரத்தக் குழாயில் குழல் பொருத்தப்பட்ட ஆய்வக மீன்கள். வெளியில், ஆற்றில் நடந்த பிற்கால ஆய்வுகளில் இவ்வளவு சாவு இல்லை. இருந்தாலும், காற்றில் வைக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு விலை உண்டு என்பதை யாரும் மறுத்ததாகத் தெரியவில்லை.

3 மார்ச், மாலை

"கையை விட்டதும் வாலை வீசிக்கொண்டு பாய்ந்து போனதே, அது போதாதா?" என்று கேட்கிறார் இன்னொரு நண்பர்.

போதாது. போராட்டத்தில் தசைகளில் சேரும் லாக்டிக் அமிலம் வெளியேற மணிக்கணக்காகும். பாய்ந்துபோன மீன் பத்தடி தள்ளி ஒரு பாறை இடுக்கில் சாய்ந்து கிடக்கலாம். அந்த நேரத்தில் நீர்நாயோ நீர்க்காகமோ வந்தால் தப்பிக்க அதற்குத் தெம்பு இருக்காது. நம் கண் எட்டிய தூரம்வரை நீந்தியது என்பதற்குமேல் நமக்கு ஒன்றும் தெரியாது.

விடுவதற்கு முன் சோதிக்க வழி உண்டு. ஆய்வாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நீருக்குள்ளேயே மீனின் வாலை இலேசாகப் பற்றுங்கள். துடித்து விலகப் பார்க்க வேண்டும். மல்லாக்கத் திருப்பிவிடுங்கள், மூன்று விநாடிக்குள் தானாக நிமிர வேண்டும். பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துக் கண்ணைப் பாருங்கள். உடம்பு சாய்ந்தாலும் கருவிழி சாயாது. குழிக்குள் உருண்டு நிலைமட்டத்துக்கே வந்து நிற்கும். முதன்முதலாக அதைக் கவனித்தபோது மீனே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியாக அணையும் உணர்வு அதுதான். கண் உருளவில்லையென்றால் அந்த மீன் பிழைப்பது கடினம்.

நிமிராத மீனை விட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஓட்டம் உள்ள நீரில் தலையை எதிர்நீரோட்டத்துக்குக் காட்டி, அடிவயிற்றில் உள்ளங்கை வைத்துத் தாங்கி நில்லுங்கள். முன்னும் பின்னும் இழுத்து ஆட்டுகிறார்களே, அதைச் செய்ய வேண்டாம். செவுளில் நீர் வாய் வழியாக உள்ளே போய்ப் பின்னால் வெளியேற வேண்டும். பின்னோக்கி இழுத்தால் அந்த ஓட்டமே தலைகீழாகும்.

5 மார்ச்

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "பிழைத்தாலும் வதை வதைதானே?" இதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சுவிட்சர்லாந்தில் 2009 முதல், விடுவது என்று முன்பே முடிவு செய்துகொண்டு மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். அளவு போதாத மீனை விடலாம். விளையாட்டுக்காகப் பிடித்து விடக் கூடாது. ஜெர்மனியிலும் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏறத்தாழ அதே இடத்துக்குத்தான் வருகிறது: ஒரு விலங்குக்குத் துன்பம் தருவதற்கு நியாயமான காரணம் வேண்டும், உணவு ஒரு காரணம், பொழுதுபோக்கு காரணம் அன்று. உங்கள் எண்ணத்தை இரண்டு நாடுகள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன.

நான் அந்தப் பக்கம் இல்லை. ஆனால் அந்த வாதத்துக்கு மரியாதை கொடுக்காத தூண்டில்காரரை எனக்குப் பிடிக்காது. விடுவது என்று முடிவெடுத்தவனுக்குச் சாப்பிடுகிறவனைவிடக் கூடுதலான பொறுப்பு இருக்கிறது. சாப்பிடுகிறவன் மீனுக்கு ஒரே ஒரு கடன்தான் பட்டிருக்கிறான்: வேகமாகக் கொல்வது. விடுகிறவன் முள்ளைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி மீன் கண்ணுக்கு மறையும்வரை கடன்பட்டவன்.

9 மார்ச்

கெண்டைக் குடும்பத்தின் பெரிய ஆற்று மீனான மகசீர் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தெற்கில் பிடித்து விடும் பழக்கம் வேரூன்றிய இடம் காவிரி. சிவசமுத்திரத்துக்குக் கீழே ஆறு காட்டுக்குள் நுழைந்து மேகதாது, ஒகேனக்கல் நோக்கி இறங்கும் பகுதி. மிகப் பெரிய மகசீர்கள் அங்கே இருந்தன. 1946-இல் கபினியில் மைசூரின் வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மீன் இன்றும் பேசப்படுகிறது. 1970-களின் இறுதியில் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் மீண்டும் வரத் தொடங்க, பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமக்களி என்று முகாம்கள் எழுந்தன. பிடிக்கும் ஒவ்வொரு மகசீரையும் எடைபோட்டு, குறிப்பேட்டில் எழுதி, ஆற்றில் விட வேண்டும் என்பது விதி. வெடி வைத்து மீன் பிடித்தவர்களில் பலர் அங்கேயே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளத்துக்கு வந்தார்கள். உயிருள்ள மீனுக்கு ஊரில் விலை வந்தது அப்போதுதான்.

இரை ராகி மாவு. களியைப் பிசைந்து, உருட்டி, வேகவைத்து எடுத்தால் ரப்பர் பந்துபோலக் கெட்டியாகும். சின்ன மீன்கள் கொத்தி உதிர்க்க முடியாது. முள்ளின் முனையும் வளைவும் மட்டும் தெரிய அந்த உருண்டைக்குள் புதைப்பார்கள். பரிசலில் இருந்தபடி எறிந்துவிட்டு, நரம்பை (தூண்டில் கயிற்றை) விரலில் தாங்கிக் காத்திருக்க வேண்டும்.

குடகில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போன ஒரு முறை, என்னுடன் வந்த பெரியவர் ஒவ்வொரு மீனை விடும்போதும், "போய் உன் தாத்தாவை அனுப்பு" என்று சொல்லித்தான் விடுவார். தாத்தா வந்ததில்லை. ஆனால் அவர் ஒரு மீனையும் நீருக்கு வெளியே தூக்கி நான் பார்த்ததில்லை. முழங்கால் நீரில் உட்கார்ந்து, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றிவிடுவார். படம் வேண்டுமென்றால் நாமும் நீரில் உட்கார வேண்டும்.

10 மார்ச்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் பிடித்து விடுவதால் காவிரியில் மகசீர் பெருகியது என்று சொல்லலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. இந்தக் கதையில் என்னை நெடுநாள் தூங்கவிடாத பகுதி இதுதான்.

கலிபோர் முகாமின் குறிப்பேடுகளை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. 1998 முதல் 2012 வரை, ஏறத்தாழ 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு, 6,161 மகசீர்கள், 1 கிலோ முதல் 46 கிலோ வரை. மணிக்கு எத்தனை மீன் என்று பார்த்தால் எண்ணிக்கை ஏறியிருந்தது. காவலும் விடுதலும் பலன் தந்தன என்று மகிழலாம். ஆனால் மீனின் சராசரி எடை இறங்கியிருந்தது. எந்த மீன் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெருகியது நீலத்துடுப்பு மகசீர். அது காவிரிக்கு வெளியே இருந்து வந்த மீன். மகாராஷ்டிரத்தின் லோணாவ்ளாவில் டாடா நிறுவனத்தின் குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்து, நல்லெண்ணத்தோடு பல ஆறுகளில் கொண்டுபோய் விடப்பட்டது. காவிரிக்கே உரிய, முதுகு உயர்ந்த, ஆரஞ்சுத் துடுப்புள்ள திமில் மகசீர் அந்தக் குறிப்பேடுகளில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போயிருந்தது. கடைசி ஆண்டுகளில் அதன் குட்டிகளே ஏறத்தாழக் காணவில்லை.

ஒன்றரை நூற்றாண்டாக உலகம் அறிந்த அந்த மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. கேரளத்தின் பாம்பாற்றில் கண்டு விவரித்த டோர் ரேமாதேவி என்ற மீனும் இதுவும் ஒன்றே என்று அந்த ஆண்டில்தான் நிறுவினார்கள். பாம்பாறு அமராவதியில் கலந்து காவிரிக்கு வரும் ஆறு. அதே ஆண்டில் அந்த மீன் மிக ஆபத்தான அழிவுநிலையில் இருப்பதாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. இப்போது அது ஓரளவு நம்பிக்கையோடு மிஞ்சியிருக்கும் இடங்களில் நம் மாயாறும் ஒன்று.

ஆகவே, பிடித்து விட்டதால் திமில் மகசீர் காப்பாற்றப்படவில்லை. ஆனால் அது அழிகிறது என்று நமக்குத் தெரிந்ததே, விட்ட ஒவ்வொரு மீனையும் யாரோ எழுதி வைத்ததால்தான். அரசாங்கமோ பல்கலைக்கழகமோ எண்ணாத மீனைத் தூண்டில்காரர்கள் எண்ணினார்கள். நீங்கள் விடும் மீனையும் எழுதி வையுங்கள்: நாள், இடம், இனம், நீளம், முள் குத்திய இடம், விட்டபோது இருந்த நிலை. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும்.

10 மார்ச், இரவு

சேர்த்துச் சொல்ல மறந்தது: அந்த முகாம்களில் இப்போது தூண்டில் இல்லை. அவை இருக்கும் கர்நாடகக் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று நின்றுவிட்டது. ஒகேனக்கல்லைச் சுற்றிய தமிழகக் காடுகளும் காவிரி வடக்கு (2014), காவிரி தெற்கு (2022) என்று சரணாலயங்களாகிவிட்டன. "விட்டுவிடத்தானே போகிறேன்" என்று அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். சட்டம் அந்த வேறுபாட்டைப் பார்க்காது. காவலுக்கு இருந்த தூண்டில்காரர்கள் போனபின் வெடி திரும்பிவிட்டது என்று முன்னாள் வழிகாட்டிகள் வருத்தப்படுவதை நேரில் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. அதற்காக விதியை மீறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

16 மார்ச்

கருவிகளைப் பற்றித் தனியாக எழுதச் சொன்னீர்கள்.

எதிர்முள் இல்லாத முள். தனியாக விலைக்குக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் குறடு போதும். முள்முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு செதிலை நீள மூக்குக் குறட்டால் பிடித்து நசுக்குங்கள். "டக்" என்று படியும். சட்டைத் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் சிக்காமல் வந்தால் சரி. "மீன் நழுவிவிடுமே" என்பார்கள். நரம்பைத் தளரவிடாமல் பிடித்தால் நழுவாது. நழுவினால்தான் என்ன, எப்படியும் விடப்போகிற மீன்தானே.

இரை வைத்துப் பிடிப்பவர்களுக்கு வட்ட முள். அதன் முனை உள்நோக்கி வளைந்திருப்பதால், மீன் விழுங்கினாலும் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். ஒரே நிபந்தனை: மீன் கடித்ததும் வெடுக்கென்று கம்பைத் தூக்கக் கூடாது. மெல்ல ரீலைச் சுற்றினாலே மாட்டிக்கொள்ளும். நம்மவர்களுக்கு இந்தப் பழக்கத்தை விடுவதுதான் கடினம். கை தானாகத் தூக்கிவிடும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வரிக்கொடுவாய் என்று நான் சொல்லிக்கொள்ளும் ஸ்டிரைப்டு பாஸ் மீனுக்கு இரை போட வட்ட முள் கட்டாயம் என்று 2021-இல் விதி வந்தது. அங்கே விடப்படும் மீன்களில் 9 விழுக்காடு சாகும் என்று வைத்துக்கொண்டு அந்தச் சாவையும் பிடிப்புக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். விடுபவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கும்போது அந்த 9 விழுக்காடு சின்னத் தொகை இல்லை.

ரப்பர் பூசிய, முடிச்சில்லாத கைவலை. நைலான் முடிச்சு வலை செதிலைப் பெயர்க்கும், துடுப்பைக் கிழிக்கும். மீனின் மேலுள்ள வழுவழுப்பையும் துடைத்தெடுத்துவிடும். அந்த வழுவழுப்பு அதற்குத் தோலுக்குமேல் ஒரு தோல். போனால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த கை, துண்டு, சுடுமணல், படகின் தகரத்தளம், புல்தரை எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. முதலில் கையை நனையுங்கள்.

17 மார்ச்

முள்ளை விழுங்கிவிட்டால் என்ன செய்வது? தோண்டாதீர்கள். நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டிவிட்டு மீனை விடுங்கள். உள்ளே தோண்டி எடுத்த மீனைவிட, முள்ளோடு விட்ட மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று பல இனங்களில் பார்த்திருக்கிறார்கள். நாளடைவில் பல மீன்கள் முள்ளை உதறிவிடுகின்றன. துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்ப்பது நல்லது.

செவுளிலிருந்து இரத்தம் கொட்டினால், அந்த நீரில் அந்த மீனை வைத்துக்கொள்ள விதி அனுமதித்தால், வீட்டுக்கு எடுத்துப் போங்கள். கேள்வி கேட்ட நண்பர் சொன்ன குழம்புக்கு அங்கே நியாயம் இருக்கிறது.

24 மார்ச்

நரம்பு பற்றி. மெல்லிய நரம்பில் பெரிய மீனை வெகுநேரம் விளையாட்டுக் காட்டிப் பிடிப்பது திறமை என்று நம்மிடையே ஒரு பெருமை இருக்கிறது. விடுகிறவனுக்கு அது தகாது. குடகுப் பகுதிக் காவிரியில் நீலத்துடுப்பு மகசீரை வைத்து நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் 51 மீன்கள். இறந்தது ஒன்றே ஒன்று. 91 விழுக்காட்டில் முள் வாயில்தான் மாட்டியிருந்தது. மகசீர் கெட்டியான மீன் என்பதற்கு அது சான்று. ஆனால் இழுபறி நீண்ட மீன்களின் இரத்தத்தில் லாக்டேட் (முன்பு சொன்ன லாக்டிக் அமிலத்தின் வடிவம்) ஏறியிருந்தது. பாதிக்கு மேற்பட்டவை உடனே நிமிர முடியாமல் தடுமாறின. வலுவான நரம்பு போட்டுச் சீக்கிரம் கரைசேருங்கள்.

3 மார்ச் குறிப்பில் காற்றையே பெரிய எதிரியாக எழுதியிருந்தேன். இப்போது யோசித்தால், நம் வெப்பநாட்டு மீன்களுக்குக் காற்றுக்கு முன்பே பாதித் தீங்கு நரம்பின் நுனியில் நடந்து முடிந்துவிடுகிறது என்று தோன்றுகிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2 ஏப்ரல்

ஏரியில் விரால் பிடிக்கும் செங்கல்பட்டு நண்பருக்கு. விரால் காற்றையும் மூச்சிழுக்கும் மீன். நீருக்கு வெளியே மற்ற மீன்களைவிடத் தாங்கும். அதனால் அதை அலட்சியமாகத் தரையில் போட்டு வைக்கிறோம். அதன் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின்மேல் தவளைப் பொம்மையை இழுத்தால் காவல் மீன் பசிக்காமலேயே பாய்ந்து கடிக்கும், நிச்சயமான பிடி. பிடித்துப் பத்து நிமிடம் கழித்து விட்டாலும், அதற்குள் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றிருக்கும். குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் அந்தப் பக்கம் எறியாதீர்கள். மீனை விடுவது மட்டும் அங்கே போதாது.

6 ஏப்ரல்

எல்லா மீனையும் விட வேண்டும் என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் விடாதீர்கள். நாட்டில் வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது. ஏரிக்குள் புகுந்தால் நாட்டு மீன்களை மிச்சம் வைக்காது. ஜிலேபிக் கெண்டையும் வெளியிலிருந்து வந்ததுதான். ஏரியில் அதற்குப் பஞ்சமும் இல்லை. அளவாக எடுத்துப்போய்ச் சமையுங்கள். இந்த நாட்டின் மீன் எது, வந்த மீன் எது என்று தெரிந்துகொள்வது முள்ளைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியம்.

13 ஏப்ரல்

கடலில் போகும் நண்பர் கேட்டது: ஆழத்திலிருந்து கலவாவைத் தூக்கினால் கண் பிதுங்கி, வாயில் ஏதோ பலூன்போல் வருகிறது, அதைக் குத்திவிட்டு விட்டால் போதுமா?

குத்தாதீர்கள். வாயில் தெரிவது மீன் மிதக்க உதவும் காற்றுப்பை இல்லை, அதன் இரைப்பை. ஆழத்தில் அழுத்தத்துக்கேற்ப இறுகியிருந்த காற்றுப்பை மேலே வர வர விரிந்து, இரைப்பையை வாய் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. கெண்டை வகைகளுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. காற்றை ஏப்பமாக விட்டுவிடும். கலவாவுக்கு அந்த வழி கிடையாது. மேலே விட்டால் வயிறு மேலாக மிதந்து, வெயிலிலோ கடற்பறவைகளுக்கு இரையாகியோ சாகும்.

செய்ய வேண்டியது, வந்த ஆழத்துக்கே திருப்பி அனுப்புவது. கனமான ஈயக்குண்டோடு எதிர்முள் நசுக்கிய முள் ஒன்றைத் தலைகீழாகக் கட்டி, மீனின் கீழ்த்தாடையில் மாட்டி இறக்கி, அடி சேர்ந்ததும் நரம்பை வெடுக்கென்று ஒரு முறை மேலே இழுத்தால் மீன் கழன்றுவிடும். இதற்கென்றே விற்கும் கருவிகளும் உண்டு. அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவில் கடலடிப் பாறைகளில் வாழும் மீன்களைப் பிடிக்கப் போகும் படகுகளில் இறக்கும் கருவியோ காற்றுப்பையிலிருந்து வாயுவை வெளியேற்றும் ஊசியோ கையில் இருந்தாக வேண்டும் என்று 2022-இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது. ஊசி தெரியாதவர் கையில் கொலைக்கருவி, இறக்குவதே மேல். இன்னும் எளிய வழி: விடுவதாக இருந்தால் அவ்வளவு ஆழத்தில் கலவாவைத் தேடாதீர்கள்.

4 மே

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. 20 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வற்றிய ஏரியில் நண்பகலில் மேல்நீர் அதையும் தாண்டிச் சுடும். மீனுக்குத் தேவை கூடும் நேரத்தில் இருப்பு குறைகிறது. இந்த மாதத்தில் விடியற்காலை ஓரிரு மணி நேரம் போதும். எட்டரை மணிக்குமேல் நான் கம்பை மடக்கிவிடுகிறேன். ஏரியின் கடைசிக் குட்டைக்குள் மீன்கள் எல்லாம் ஒதுங்கியிருக்கும்போது அங்கே தூண்டில் போடுவதே இல்லை. நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட்டுக்குப் போகிறவர்களும் வெப்பமானியைக் கூட எடுத்துப் போங்கள். அது குளிர்நீர் மீன், 20 டிகிரியைத் தொட்டாலே அதற்குத் துன்பம்.

19 மே

முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் தனியாக எழுதியிருந்தார். தம் மகளுக்குத் தூண்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். அவருடைய கருத்து இன்னும் மாறவில்லை. பிடித்தால் சாப்பிட வேண்டும் என்பதே அவர் கட்சி. ஆனால் குழந்தை சின்ன மீன்களை விடச் சொல்கிறாள், எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்கிறார்.

மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒற்றை முள், சின்னது, எதிர்முள் நசுக்கியது. மூன்று முனை முள் வேண்டவே வேண்டாம், அவள் விரலுக்கும் ஆபத்து. ஒரு வாளியில் ஏரி நீர் மொண்டு நிழலில் வையுங்கள். முதலில் அவள் கையை அதில் நனைக்கட்டும். மீனை அந்த நீருக்குள்ளேயே பார்க்கட்டும். முள் குத்திய திசைக்கு எதிர்த்திசையில் இழுத்தால் முள் வந்துவிடும் என்று ஒரு முறை நீங்கள் செய்து காட்டுங்கள். படம் வேண்டுமென்றால் கேமராவை முதலில் தயாராக வைத்துக்கொண்டு, அவள் தூக்கும்போதே அவளையும் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூச்சு முட்டினால் மீனை நீரில் இறக்க வேண்டும். உதட்டைப் பிடித்துத் தொங்கவிடாமல், ஒரு கை வாலடியில், ஒரு கை வயிற்றுக்குக் கீழே. நண்டுப்பிடி வேண்டாம்; அழுத்தினால் உள்ளுறுப்பு நசுங்கும்.

வாளி நீரைச் சிறிது நேரத்துக்கொரு முறை மாற்றுங்கள், வெயிலில் சீக்கிரம் சூடாகிவிடும். நோட்டுப் புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.